விடியலுக்கு முன் எழாதவர் சோம்பேறியா?

விடியற்காலையில் எழுபவர் உழைப்பாளி, எட்டு மணி வரை உறங்குபவர் சோம்பேறி என்பது வீட்டிலும் பள்ளியிலும் கேள்வியின்றி ஏற்கப்படும் கருத்து. இரவில் வெகுநேரம் விழித்திருப்பவரை ‘இராக்கோழி’ என்று கேலி செய்வதும் அதன் தொடர்ச்சிதான். இக்கருத்தைத் தாங்கி நிற்கும் ஐந்து வாதங்களும் உறக்க அறிவியலின் முன் எவ்வளவு நிற்கின்றன என்பதைத் தனித்தனியே பார்க்கலாம்.

1. “எழும் நேரம் வெறும் பழக்கம்”

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி உடலின் நேரத்தை நடத்துகிறது. அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். ஆளுக்கு ஆள் அது சற்றே கூடும், குறையும். சுற்று நீண்டவருக்கு உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பிந்திச் சுரக்கும். உறக்கமும் பிந்தியே வரும். இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்கள் செயல்படும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாலை ஏழரை மணிக்கே கண் சொருகி, அதிகாலை நாலரைக்கு விழித்துவிடும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தில் ‘பெர்2’ என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2001இல் தெரியவந்தது. உறக்கத்தைப் பின்னுக்குத் தள்ளும் ‘கிரை1’ மரபணு மாற்றம் 2017இல் கண்டறியப்பட்டது. இவை அரிதானவை. பெரும்பாலோருக்குப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன: 2019இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தபோது, காலை இயல்புடன் தொடர்புள்ள 351 மரபணு இடங்கள் கண்டறியப்பட்டன.

2. “இளவயதினர் அதிகாலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும்”

பொதுத்தேர்வு நெருங்கியதும் பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பிவிடும் வழக்கம் இந்த நம்பிக்கையில் பிறந்தது. ஆனால் பருவ வயதில் உடல் கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. ஏறத்தாழ 20 வயதில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல முன்னே வருகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் காட்டினர். பதின்ம வயதினரைப் பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் உறக்கம் உடனே வருவதில்லை. நான்கு மணிக்கு எழுப்பும்போது குறைவது உறக்கம். படித்ததை நினைவில் பதிய வைப்பதில் அந்த உறக்கத்துக்கே பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் 7.50இலிருந்து 8.45க்கு மாற்றப்பட்டது. மாணவர்கள் அந்தக் கூடுதல் நேரத்தை இரவில் விழித்துக் கழிக்கவில்லை. பள்ளி நாள்களில் அவர்களின் உறக்கம் 34 நிமிடம் கூடியது.

3. “முன்னெழுபவருக்கே நலமும் செல்வமும்”

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் புகழ்பெறச் செய்த இந்த வாக்கைப் பிரிட்டனில் 65 வயதைக் கடந்த 1,229 பேரின் தரவுகளைக் கொண்டு இரு ஆய்வாளர்கள் சோதித்து 1998இல் வெளியிட்டனர். முன்தூங்கி முன்னெழுபவர்கள் மற்றவர்களைவிட நலமாகவோ வசதியாகவோ இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சராசரி வருமானம் அதிகமாக இருந்தது பின்தூங்கிகளுக்குத்தான்.

எதிர்ச்சான்றும் உண்டு. பிரிட்டனில் 4,33,268 பேரைப் பின்தொடர்ந்த 2018 ஆய்வில், தீவிர இரவு இயல்பினரின் இறப்பு அபாயம் 10 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் ஃபின்லாந்து இரட்டையர்களை 37 ஆண்டுகள் கவனித்து 2023இல் வெளியான ஆய்வு, அத்தகைய கூடுதல் அபாயத்தின் பெரும்பகுதி புகையிலையாலும் மதுவாலும் வந்தது என்று விளக்கியது. காலை இயல்பினருக்கு ஏற்ப அமைந்த அலுவலக நேரமும் இரவு இயல்பினரின் உறக்கத்தை வார நாள்களில் வெட்டிவிடுகிறது.

4. “முன்னோர் அனைவரும் விடியலில் எழுந்தார்கள்”

தான்சானியாவில் முன்னோரைப் போல மின்விளக்கின்றி வாழும் ஹட்ஸா வேட்டைச் சமூகத்தில் 33 பேரின் உறக்கம் 20 நாள்கள் பதிவு செய்யப்பட்டது. அத்தனை பேரும் ஒருசேர உறங்கிய நேரம் மொத்தமே 18 நிமிடம். ஒருவர் உறங்க மற்றொருவர் விழித்திருக்கும் இந்த அமைப்பு காட்டு விலங்குகளிடமிருந்து குழுவைக் காக்க உதவியிருக்கலாம் என்று 2017இல் வெளியான அந்த ஆய்வு கருதுகிறது.

சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கும் பிரம்ம முகூர்த்தத்தில் எழும் வழக்கம், இருட்டியதும் உண்டு உறங்கிய வாழ்க்கைக்குப் பொருந்தியது. எட்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுபவருக்கு எட்டு மணி நேர உறக்கம் உண்டு. நள்ளிரவில் படுத்து அதே நேரத்தில் எழுபவருக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம்தான்.

5. “மன உறுதி இருந்தால் யாரும் மாறலாம்”

மாற முடியும் என்பது ஓரளவு உண்மை. மாற்றுவது மன உறுதி என்பதுதான் தவறு. உடல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் முதன்மையான விசை ஒளி. காலை வெளிச்சம் அதை முன்னே தள்ளும். இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். உறக்க ஆய்வாளர் கென்னத் ரைட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் அமெரிக்காவின் ராக்கி மலையில் ஒரு வாரம் விளக்கும் கைப்பேசியும் இன்றி முகாமிட்டனர். வெயிலும் முகாம் நெருப்பும் மட்டுமே வெளிச்சமாக இருக்க, அவர்களின் உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே வந்தது. பின்தூங்கிகளிடமே மாற்றம் அதிகம்.

வீட்டிலிருந்தபடியும் இது இயலும் என்று 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. இரவு இயல்பினர் 22 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் ஒரு குழுவினர் மூன்று வாரங்கள் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் படுத்து எழுந்தனர். காலையில் வெயிலில் நின்றனர், எழுந்ததும் உண்டனர், மதியம் மூன்றுக்குப் பின் காபியையும், நான்குக்குப் பின் குட்டித் தூக்கத்தையும் தவிர்த்தனர், விடுமுறை நாளிலும் நேரத்தை மாற்றவில்லை. உறக்கத்தின் அளவு குறையாமலே கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னே வந்தது; மன அழுத்தமும் குறைந்தது.

இத்தகைய மாற்றம் ஒழுங்கு தொடரும்வரைதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை உறங்கினால் கடிகாரம் மறுபடி பின்வாங்கத் தொடங்கும். ஒழுங்காக முயன்றும் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு முன் உறக்கமே வராதவருக்கு அது சிகிச்சைக்குரிய உறக்கக் கோளாறாக இருக்கலாம். அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் எப்போது எழுந்தாலும், போதிய அளவும் மாறாத நேரமும் கொண்ட உறக்கமே உடலுக்குத் தேவை.