நம்ம சாமிக்குக் கார்ட்டூன் இல்லையா?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் இருக்கிறது காஹாங். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குச் செல்கிறவர்கள் கடந்து போகும் சிறிய ஊர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுள் ஒன்றில்தான் என் பாட்டி வாழ்ந்தார். ஆடித் திருவிழா வந்தால் குடும்பமே அங்கே கூடிவிடும்.

ஓர் ஆண்டு, திருவிழாவுக்கு முதல் நாள் இரவு, பாட்டி வாசலில் அமர்ந்து தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டி சாமியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் காலத்தில் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போன ஒருவர் இருட்டில் வழி தவறிவிட்டாராம். எங்கிருந்தோ ஒரு சுருட்டு நெருப்பு மட்டும் தோன்றி, அவருக்கு முன்னே மெல்ல நடந்து போனதாம். ஆள் தெரியவில்லையாம்; நெருப்பு மட்டும்தானாம்.

பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த அனுமன் கார்ட்டூன்மீது. அவர்களில் இளையவள், ஐந்து வயதுக்காரி, ஒரு கணம் தலையை நிமிர்த்தி, "பாட்டி, நம்ம முனியாண்டி சாமிக்குக் கார்ட்டூன் இல்லையா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். பாட்டியும் சிரித்தார். அடுப்பில் வைத்த கொண்டைக்கடலையைப் பார்க்க எழுந்து போய்விட்டார். கதை பாதியில் நின்றது. அடுத்த ஆடிக்குப் பாட்டி இல்லை. அந்த நெருப்பு அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குழந்தையின் கேள்விக்கு நாம் விடை சொல்ல வேண்டாமா? சமயக் கதைகளை அசைவூட்டக் குறும்படங்களாக்கும் பணியைத் தமிழ் மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும். அதைப் பெருங்காப்பியங்களில் தொடங்காமல் நம் தோட்டத்துக் கதைகளில் தொடங்க வேண்டும். இதுவே என் கருத்து.

இது நமக்குப் புதிய துறையுமன்று. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் கருதப்படும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' படத்தை உருவாக்கியவர் பிலேம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். 1978-இல் முடிந்த அந்தப் படம் 1983-இல்தான் மக்களைச் சென்றடைந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சமயமும் அசைவூட்டமும் நம் நாட்டில் கைகோத்த கதை இன்னொன்று உண்டு. இன்று உலகமறிந்த 'உப்பின் இப்பின்' 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்திற்காக எடுக்கப்பட்ட சில நிமிடக் குறும்படங்களாகத்தான் டிவி9-இல் பிறந்தது. நோன்பு என்றால் என்ன என்று குழந்தைகளுக்குச் சொல்வதே அதன் நோக்கம். அதன் பின்னணியில் இருந்த இளைஞர்கள் மூவர் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவர்கள் போர்களையும் அற்புதங்களையும் தேடிப் போகவில்லை. பசியோடு மாலைவரை காத்திருக்கும் இரண்டு கம்பத்துச் சிறுவர்களைக் காட்டினார்கள். அது போதுமானதாக இருந்தது!

நம் பக்கம் பார்ப்போம். இந்திய ஜப்பானியக் கூட்டு முயற்சியான இராமாயணம் 1993-இல் திரையிடப்பட்டது. 2025-இல் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்குத் திரும்பியது. 2005-இல் 'ஹனுமான்', 2007-இல் 'பால் கணேஷ்' வந்தன. 2025 ஜூலையில் வெளியான 'மகாவதார் நரசிம்மா' 300 கோடி ரூபாய்க்கும் மேல் வசூலித்தது. மகிழ்ச்சிதான். ஆனால், இவற்றில் எதிலாவது தகரக் கூரைக் கோயிலைப் பார்த்ததுண்டா? சுருட்டும் அரிவாளும் வைத்துக் கும்பிடும் சாமியைப் பார்த்ததுண்டா? அனுமனையும் கணேசரையும் படமாக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காஹாங் முனியாண்டியைப் படமாக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"நல்ல யோசனைதான். பணம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கணக்குப் போடுவோம். திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கம். எனவே வினாடிக்கு 12 ஓவியங்கள். மூன்று நிமிடப் படத்திற்கு 2,160. நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 540. நாளுக்குப் பத்து வரைந்தால் 54 நாள்கள். ஒரு நீண்ட விடுமுறைக்குள் முடியக்கூடிய வேலை இது! 'பிளெண்டர்' மென்பொருளுக்குக் காசு இல்லை. 2002 முதல் அதன் மூல நிரலே எல்லாருக்கும் பொது. லாட்வியா நாட்டவர் இயக்கிய, வசனமே இல்லாத 'ஃப்ளோ' அந்த மென்பொருளில் உருவாகித்தான் 2025-இல் ஆஸ்கார் விருது பெற்றது. 2008-இல் வெளிவந்த 'சீதா சிங்ஸ் த புளூஸ்' படத்தின் அசைவூட்டத்தை அமெரிக்க ஓவியர் நீனா பேலி ஏறக்குறையத் தனி ஒருவராகவே தம் கணினியில் செய்தார். நம்மிடம் குறைவாக இருப்பது பணமா, பொறுமையா?

அடுத்த கேள்வி இன்னும் கடுமையானது. "சாமியைக் கேலிப்படம் ஆக்கலாமா?" இதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். இராமாயணப் படத்தை எடுத்த ஜப்பானியர் யூகோ சாக்கோவுக்கும் இந்த எதிர்ப்பு வந்தது. அவர் செய்தது என்ன? வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி பெறுவார்கள் என்பதையெல்லாம் இந்திய ஓவியர்கள் சொல்லித்தர, ஜப்பானிய ஓவியர்கள் கற்றுக்கொண்டு வரைந்தார்கள். மரியாதை என்பது அந்த உழைப்பில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதையும் மறக்கலாகாது. மோசேயின் கதையைச் சொன்ன 'பிரின்ஸ் ஆப் ஈஜிப்ட்' படத்துக்கு 1999-இல் மலேசியாவில் தடை விதிக்கப்பட்டது. அது சமய உணர்வைப் புண்படுத்தும் என்பது காரணம். அதே வேளையில், நபிகள் வரலாற்றைச் சொல்லும் ஓர் அசைவூட்டப் படம் 2002-இல் வந்தது. அதில் அவர் உருவம் ஓரிடத்திலும் இல்லை. அவர் கண்கள் இருக்கும் இடத்தில் கேமரா இருந்தது. எல்லைக்கோடு அங்கே கலைக்கு வழியைக் காட்டியது.

தமிழர் என்றால் ஒரே சமயத்தவர் அல்லர். பினாங்கில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து தத்தளித்ததாகவும், அவர் வீசிய கண்ணாடி பறந்துபோய் அந்த ஓட்டையை அடைத்ததாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். கை வேண்டாம், முகம் வேண்டாம். கடல்மேல் மின்னிக்கொண்டு போகும் ஒரு கண்ணாடியை மட்டும் வரைந்தால் போதாதா?

என் மனக்குறை வேறொன்று. இன்றைய சாமிப் படங்கள் பலவற்றில் தெய்வங்கள் புடைத்த தசைகளோடு சண்டை போடும் வீரர்களாகிவிட்டார்கள். கடைசியில் யார் வென்றார் என்பது மட்டுமே பிள்ளைகள் நினைவில் நிற்கிறது. கண்ணப்பர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குருதி வடியும் கண்ணைப் பெரிதாகக் காட்டிக் குழந்தையை மிரட்டலாம். அல்லது, கண்ணை இழக்கப் போகிறவர் அடுத்த கண்ணின் இடம் தெரிய வேண்டுமே என்று சாமியின் முகத்தில் செருப்புக்காலை ஊன்றுகிறாரே, அந்தக் காலை மட்டும் காட்டலாம். அன்பு இலக்கணம் பார்க்காது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பது மென்பொருளின் வேலையன்று. கதையை உணர்ந்தவரின் வேலை.

மொழியிலும் கவனம் வேண்டும். மேடைத்தமிழ் பேசும் முனியாண்டியைத் தோட்டத்துப் பிள்ளை நம்பாது. மொழிமாற்றுப் படத்தின் தமிழும் அதற்கு அந்நியம். பாட்டி பேசிய தமிழே படத்தில் ஒலிக்கட்டும். முடிந்தால் பாட்டியின் குரலே ஒலிக்கட்டும்.

ஆகவே, வரைவதற்கு முன் கேட்போம். நம் மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் நாடகமும் கலையிரவும் நடத்துகின்றன. அத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். விடுமுறைக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோயில் கதையைப் பெரியவர் ஒருவரிடமிருந்து கைப்பேசியில் பதிவு செய்து வரட்டும். மூன்று கதைகளைத் தேர்ந்தெடுப்போம். தமிழ் பயில்பவர், கணினி பயில்பவர், வரையத் தெரிந்தவர், உறுமி வாசிக்கத் தெரிந்தவர் ஒரு குழுவாகட்டும். படம் முடிந்ததும் இணையத்தில் ஏற்றும் முன், கதை பிறந்த கோயில் வாசலிலேயே வெள்ளைத்துணி கட்டிப் போட்டுக் காட்டுவோம். "சாமி அப்படி நிக்காதுப்பா" என்று ஒரு தாத்தா சொன்னால் திருத்துவோம். அசைவூட்டத் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் கற்றுத் தந்தால், அது எந்த நன்கொடையையும்விடப் பெரிது.

நான் தொடங்கிவிட்டேன். கரிய திரை, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அது மெல்ல நடக்கிறது. நாற்பது வினாடிகள் வரைந்திருக்கிறேன். அதற்கு மேல் கதை தெரியாது. அன்று எழுந்து போன பாட்டியிடம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

காஹாங் பக்கம் பால்மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் எனக்காக ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் ஊர்ச் சாமியின் கதையையும் கடைசிவரை கேட்டுவிடுங்கள்.