சனியா, ஞாயிறா? அத விடுங்க!

ஓசூர்ல இந்தச் சண்டை ஓயவே ஓயாது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையோட தெற்காசியத் தலைமையகமே இங்கதானே இருக்கு.

"சனிக்கிழமை ஓய்வுநாளா? வெள்ளைக்காரன் சரக்கு"ன்னு நம்ம ஞாயிறு ஆளுங்க நக்கலடிப்பாங்க. தப்பு சாமி. 1857ல் மிஷனரிகளை விட்டுப் பிரிஞ்ச சட்டம்பிள்ளையோட சபை சனிக்கிழமையைத்தான் ஆசரிச்சுது. ஞாயிறை ரோம அரசோட ஓய்வுநாள் ஆக்கினவர் கான்ஸ்டன்டைன், கி.பி. 321ல்.

அதுக்காக, சனி ஆசரிக்காதவனுக்கு இரட்சிப்பே இல்லைன்னு யாராவது மிரட்டினா, கொலோசெயர் 2:16ஐக் காட்டுங்க. ஓய்வுநாளை வச்சு ஆளை எடை போடாதேங்கிறார் பவுல்.

என் கோபம் வேற. உபாகமம் 5:14ல் ஓய்வு உங்களுக்கு மட்டுமில்ல. வேலைக்காரனுக்கு, மாட்டுக்கு, ஊருக்குள்ள இருக்கிற அந்நியனுக்கும்தான். சிப்காட்டுல ஞாயிறும் ஓ.டி. பாக்கிற பீகார் காண்ட்ராக்ட் பையன் வேற யாராம்? 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலை மசோதா சட்டசபையில நிறைவேறினப்போ (எதிர்ப்பு வந்ததும் வாபஸ் ஆச்சு) நான் உட்கார்ந்திருந்த சபையில ஒரு வார்த்தை வரல. காணிக்கை மட்டும் கரெக்டா எடுத்தாங்க :-)

சனியோ ஞாயிறோ, உங்க இஷ்டம். உங்க கம்பெனி காண்ட்ராக்ட் ஆளுக்கு வீக் ஆஃப் உண்டான்னு முதல்ல கேளுங்க. அப்புறம் வசனம் பேசலாம்.