பேஸ் கிற்றாருக்கும் பெயர் போடுங்கள்

பெரியநீலாவணையில் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டுப் போனால், என் காது முதலில் பாடகரிடம் போகாது; அடியில் நடக்கிற பேஸ் கிற்றாரிடம்தான் போகும். மருதமுனைத் தறியில் பாவு மாதிரி அது. சேலையை மெச்சுகிறவர் பாவை மெச்சுவதில்லை.

பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியின் பேஸ்களுக்கோ சரித்திரமே இருக்கிறது. 1961இல் ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கியது முதல் ஹொஃப்னர். வயலின் வடிவம், இரு பக்கமும் ஒன்றுபோல, இடதுகைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. மலிவு என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. 1963இல் இன்னொரு ஹொஃப்னர், 1965இல் ரிக்கன்பேக்கர். ரிக்கன்பேக்கர் கைக்கு வந்த பிறகுதான் அவர் பேஸ் தனிப் பாட்டாகவே நடந்தது என்பேன். 1972இல் லண்டனில் வானுக்குள் இருந்து களவுபோன அந்த முதல் ஹொஃப்னரை விடாமல் தேடினார்கள். 2024இல் திரும்பக் கிடைத்த செய்தி வந்தது.

நம்மிடம்? இளையராஜாவுக்கு வாசித்த சசிதரனையும் ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் எத்தனை பேர் அறிவார்கள்? ரகுமான் வாத்தியக்காரர் பெயர்களை இசைத்தட்டு உறையில் போட்டார்; நல்ல காரியம். ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்தக் கிற்றார்? சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்கள் இருக்கும்போதே, பாட்டுப் பாட்டாக அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.