விண்ணில் பெருமை, மண்ணில் மறதி!

பூமியிலிருந்து சுமார் 340 ஒளியாண்டு தொலைவில், செக்ஸ்டன்ஸ் விண்மீன் தொகுதியில் இருக்கிறது அந்த விண்மீன். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறிய தொலைநோக்கி இருந்தால் பார்த்துவிடலாம். எச்.டி. 86081 என்று அட்டவணை எண்ணால் மட்டுமே அறியப்பட்டிருந்த அதற்கு 2019 டிசம்பரில் 'பிபா' என்று பெயர் சூட்டப்பட்டது. அதைச் சுற்றிவரும் கோளுக்கு 'சந்தமஸா' என்று பெயர். சர்வதேச வானியல் ஒன்றியம் தனது நூற்றாண்டையொட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயரிடும் உரிமையை வழங்கியது. அப்போது இந்தியாவின் பங்குக்கு வந்தவை இவை. இந்தப் பெயர்களைப் பரிந்துரைத்தவர்கள் மாணவர்கள் என்பது பாராட்டுக்குரியது.

2006-ல் கண்டறியப்பட்ட சந்தமஸா, வியாழனைப் போன்ற ஒரு வாயுப் பெருங்கோள். வியாழனைக் காட்டிலும் அதன் நிறை குறைந்தது ஒன்றரை மடங்கு அதிகம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. சந்தமஸாவோ இரண்டு நாள், மூன்று மணி நேரத்தில் தனது விண்மீனை வலம்வந்து விடுகிறது. காரணம், இரண்டுக்கும் இடையேயான தூரம் வெறும் 50 லட்சம் கி.மீ.தான். சூரியனுக்கும் புதன் கோளுக்கும் இடையே உள்ள சராசரி தூரத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. அதன் ஈர்ப்பால் விண்மீன் சற்றே தள்ளாடுகிறது. விண்மீனின் ஒளியில் அந்தத் தள்ளாட்டம் விட்டுச்செல்லும் தடயத்தைக் கொண்டே கோளின் இருப்பு உறுதி செய்யப்பட்டது.

விண்மீனுக்குத் தன் பெயரைத் தந்த பிபா சௌதுரியும் கண்ணுக்குத் தெரியாதவற்றின் தடயத்தைத் தேடியவர்தான். 1913-ல் பிறந்த அவர், 1936-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றபோது அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண். டி.எம். போஸுடன் இணைந்து, டார்ஜிலிங் மலைப்பகுதியில் புகைப்படத் தகடுகளை வைத்து, காஸ்மிக் கதிர்கள் அவற்றில் பதித்த சுவடுகளை ஆராய்ந்தார். மெஸான் துகள்களுக்கான சான்றுகளைத் தாங்கிய அவர்களது கட்டுரைகள் 1940-களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலம் என்பதால் மேலும் நுட்பமான தகடுகள் கிடைக்கவில்லை. ஆய்வு அத்துடன் நின்றது. மேம்பட்ட தகடுகளைக் கொண்டு இதே வழியில் ஆய்வைத் தொடர்ந்த பிரிட்டனின் செசில் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் பரிசு கைநழுவியதற்குப் போரையும் வறுமையையும் காரணம் காட்டலாம். ஆனால், தாயகம் காட்டிய பாராமுகத்துக்கு யாரைக் குறை சொல்வது? மான்செஸ்டரில் பேட்ரிக் பிளாக்கெட்டின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து திரும்பியவர் பிபா. ஹோமி பாபாவின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலும், பின்னர் ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர் நாட்டின் முன்னணி அறிவியல் கழகங்கள் எதிலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை; தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 1991-ல் அவர் மறைந்தபோது நாடு அவரை மறந்தே போயிருந்தது.

இது ஒரு தனி மனுஷியின் கதை மட்டுமல்ல. 1958 முதல் வழங்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதைப் பெற்றவர்களில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2018-ல் நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் ஆறில் ஒரு பங்கினரே. அறிவியல் பட்டப்படிப்பில் மாணவர்களுக்கு இணையாகச் சேரும் மாணவிகள், ஆய்வகத்தின் வாசலுக்கு வருவதற்குள் எங்கே மறைந்து போகிறார்கள்? திருமணம், மகப்பேறு என்று அவர்கள் ஒதுங்கும் சில ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாத வயது வரம்பும், ஆண்களே நிறைந்த தேர்வுக் குழுக்களும் இதற்குக் காரணமில்லை என்று சொல்ல முடியுமா?

மாற்றமே நிகழவில்லை என்று கூறிவிட முடியாது. 2020 தேசிய அறிவியல் தினத்தன்று, பிபா உள்பட 11 பெண் விஞ்ஞானிகளின் பெயரில் இருக்கைகள் நிறுவப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. 2022-ல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் முதல் பெண் தலைமை இயக்குநராகத் தமிழகத்தைச் சேர்ந்த கலைச்செல்வி நியமிக்கப்பட்டார். பிபா பணியாற்றிய அதே ஆமதாபாத் ஆய்வகம், மவுண்ட் அபுவில் உள்ள தனது தொலைநோக்கிகளைக் கொண்டு 2021-லும் 2023-லும் சந்தமஸாவைப் போன்ற வாயுப் பெருங்கோள்களைக் கண்டறிந்திருக்கிறது. 2023-ல் கண்டறியப்பட்ட கோள் வியாழனைப் போல ஏறத்தாழ 13 மடங்கு நிறை கொண்டது. நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. 2020-21-ல் ஆராய்ச்சிக்காக இந்தியா செலவிட்டது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. ஒதுக்கீடு சுருங்கும்போது முதலில் வெளியேறுபவர்கள், நிரந்தரப் பணியில்லாத இளம் ஆய்வாளர்கள். அவர்களிலும் முதல் பலி பெண்கள்தான். இருக்கைகளுக்குப் பெயரிடுவதுடன், அறிவியல் கழகங்களும் விருதுக் குழுக்களும் எத்தனை பெண்களைப் பரிசீலித்தன, எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இடைவெளிக்குப் பிறகு ஆய்வுக்குத் திரும்புவோருக்கு உதவித்தொகை மட்டுமன்றி, நிரந்தரப் பணிக்கும் வழி இருக்க வேண்டும்.

'சந்தமஸா' என்றால் மேகம் சூழ்ந்தது என்று பொருள் கூறப்படுகிறது. பிபா சௌதுரியின் புகழை மூடியிருந்த மேகம் விலக, அவர் மறைந்து 28 ஆண்டுகள் ஆயின. இன்று ஆய்வகங்களில் உழைத்துக் கொண்டிருக்கும் பெண்களுக்கு உரிய அங்கீகாரம், அவர்கள் வாழும் காலத்திலேயே கிடைத்தாக வேண்டும். அதற்கு வானத்து விண்மீன் தேவையில்லை. ஆள்வோருக்கும் அறிவியல் கழகங்களுக்கும் மனமிருந்தால் போதும்!