“எங்க பக்கம் சரியா இருக்கு சார்”



செல்லிப்பட்டில் நேற்றிலிருந்து மழை. கரண்ட் போவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். என் கணக்கு வகுப்பில் 45 நிமிடம் பொறுமையாக இருந்தவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்லூரியில் சேர்ந்தாள். அப்பா கூலி வேலை. உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். “சார், நீங்களே போட்டுக் கொடுங்க” என்று வந்தார்கள். என் கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்தேன். பெயரைத் தமிழிலும் கேட்டார்கள், தமிழிலும் அடித்தேன். கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு டிக், “வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது” என்று ஒரு வரி. ரசீதை அச்செடுத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் நிற்கிறது, வங்கிக் கணக்கு எண்ணுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. பிரிண்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு “நல்லா படிம்மா” என்று அனுப்பி வைத்தேன்.

பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. அலுவலகத்துக்குப் போனோம். “எங்களுக்கு விண்ணப்பமே வரலையே, மென்பொருள் செஞ்ச கம்பெனியைக் கேளுங்க” என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், “எங்க பக்கம் சரியா இருக்கு சார், நாங்க அனுப்பிட்டோம்” என்றார்கள். வங்கியிலும் அதே வார்த்தை. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பக்கம் அவரவர் பார்த்த வரைக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அந்த விண்ணப்பம் என் கையால் போட்டது என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இதைப் பெங்களூரில் வேலை செய்யும் என் பழைய மாணவனிடம் போனில் புலம்பினேன். இணையதளங்களுக்கு மென்பொருள் எழுதுவது அவன் தொழில். “சார், உங்க விண்ணப்பத்துக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த ‘எங்க பக்கம் சரி’ங்கிற வியாதிக்கு எங்க தொழில்ல ஒரு வைத்தியம் இருக்கு. விஸ்கின்னு சொல்வோம்” என்றான்.

“டேய், புதுச்சேரியில் இருக்கிற வாத்தியார்கிட்ட பேசுற பேச்சாடா இது?” என்றேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அது டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற நாலு எழுத்தின் உச்சரிப்பாம். அன்றிலிருந்து ஒரு வாரம் அதைப் படித்தேன், அவனையும் தொந்தரவு செய்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். என் கருத்தையும் சொல்கிறேன்.

இணையதளம் என்பது ஒரே பொருள் இல்லை. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கும் சர்வர் ஒன்று. அந்தக் கோரிக்கைக்கு என்ன பதில் என்று முடிவு செய்யும் அப்ளிகேஷன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் வாசலில் இருக்கும் பியூன், உள்ளே இருக்கும் தலைமையாசிரியர் மாதிரி. பைத்தான் மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய தலைவலி இருந்தது. அப்ளிகேஷன் எழுதும் கருவிகள் பல, சர்வர்களும் பல. இந்தக் கருவியை எடுத்தால் அந்தச் சர்வரோடு சேராது, அந்தச் சர்வரை எடுத்தால் இது சேராது. கணக்காகப் பாருங்கள். 6 வகைக் கருவி, 5 வகைச் சர்வர் என்று வைத்தால், எல்லாவற்றையும் இணைக்க 6 × 5 = 30 இணைப்பு வேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி இருந்தால் 6 + 5 = 11 போதும். அரை இன்ச் குழாயை எந்தக் கடையில் வாங்கினாலும் நம் வீட்டுப் பைப்பில் பொருந்துகிறது இல்லையா, அந்த மாதிரி ஏற்பாடு. இதைத்தான் இடைமுகத் தரம் என்கிறார்கள்.

அந்த விதியை 2003 டிசம்பரில் பிலிப் ஜே. எபி என்பவர் முன்வைத்தார். அதற்கு பெப் 333 என்று எண். விதி சின்னதுதான். சர்வர் அப்ளிகேஷனைக் கூப்பிடும்போது இரண்டு பொருள் கொடுக்க வேண்டும். கோரிக்கை விவரம் முழுவதும் அடங்கிய ஓர் அகராதி. பதிலைத் தொடங்குவதற்கான ஒரு செயல்கூறு. அப்ளிகேஷன் முதலில் நிலை எண்ணையும் தலைப்புத் தகவல்களையும் சொல்ல வேண்டும், பிறகு பதிலைத் துண்டு துண்டாகத் தர வேண்டும். பைத்தான் 3 வந்தபோது எழுத்துகளைக் கையாளும் முறை மாறியதால், 2010-ல் பெப் 3333 என்று திருத்தி எழுதினார்கள். ஜாங்கோ, பிளாஸ்க் என்று உங்களில் பலர் பிழைப்பு நடத்தும் கருவிகள் எல்லாம் இந்த விதியின் மேல் நடப்பவை.

என்னைக் கவர்ந்தது விதி கூட இல்லை. விதி போடுவது நம் ஊரில் புதிதா? விதியோடு கூட ஒரு பரிசோதகரையும் செய்து வைத்தார்களே, அதுதான். 2006-ல் வெளிவந்த பைத்தான் 2.5-லேயே அது மொழியோடு சேர்ந்து வந்துவிட்டது. ‘வேலிடேட்டர்’ என்று பெயர். இயன் பிக்கிங் என்பவரின் ‘பேஸ்ட்’ என்ற தொகுப்பிலிருந்து எடுத்தது.

அது நிற்கும் இடம்தான் அழகு. சர்வருக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவில் நிற்கிறது. சர்வர் பார்த்தால் அது அப்ளிகேஷன் மாதிரி தெரியும், அப்ளிகேஷன் பார்த்தால் சர்வர் மாதிரி தெரியும். கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் தரகர் போல இரண்டு பக்கமும் இனிப்பாகப் பேசாது. கோரிக்கையை அப்படியே கடத்தும். கடத்தும்போதே இரண்டு பக்கத்தையும் சோதிக்கும்.

அப்ளிகேஷனிடம் கேட்கிறது: நிலை எண் மூன்று இலக்கமா? தலைப்புத் தகவல்கள் இரண்டிரண்டாகப் பட்டியலில் இருக்கின்றனவா? தலைப்பின் பெயருக்குள் வரி முறிவு ஏதும் நுழைந்திருக்கிறதா? என்ன வகை உள்ளடக்கம் என்று சொல்லியிருக்கிறாயா? 204, 304 என்ற உடல் இல்லாத பதில்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டாயா? பதிலின் உடலைப் பைட்டுகளாகத் தருகிறாயா, வெறும் எழுத்துச் சரமாகத் தருகிறாயா?

சர்வரிடமும் கேட்கிறது: நீ கொடுத்தது உண்மையான அகராதிதானா? கோரிக்கை முறை, சர்வர் பெயர், போர்ட் எண் எல்லாம் அதில் இருக்கிறதா? பதிலை வாங்கி முடித்ததும் முறையாக மூடினாயா?

தவறு கண்டால் அங்கேயே நிறுத்திவிடும். இன்ன விதி மீறப்பட்டது என்று சொல்லும். தடை இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமானது என்றால் எச்சரிக்கை மட்டும் தரும். உதாரணமாக நிலை எண்ணுக்குப் பிறகு ஓர் இடைவெளியும் விளக்கச் சொல்லும் வர வேண்டும். வெறும் 200 என்று நின்றால் எச்சரிக்கும். ஆனால் எதையும் தானே திருத்திவிட்டுப் போகாது.

இந்த இடத்தில் எனக்கு என் பழைய தவறு ஞாபகம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாணவர்களின் விடைத்தாளில் சின்னச் சின்னப் பிழைகளை நானே மனதில் திருத்திக்கொண்டு மார்க் போட்டுவிடுவேன். அலகு எழுதவில்லையா, பரவாயில்லை. கூட்டல் குறியை விட்டானா, தெரிந்துதான் விட்டிருப்பான். பொதுத்தேர்வில் வேறு ஊர் ஆசிரியர் திருத்தும்போது அந்தப் பிள்ளைகள் மார்க் இழந்தார்கள். பெருந்தன்மை என்று நான் நினைத்தது அவர்களுக்குச் செய்த கெடுதல். சர்வர் விஷயமும் இதேதான். ஒரு சர்வர் பிழையைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடும். எழுதியவர் சரி என்று நம்பிவிடுவார். நாளைக்கு வேறு சர்வருக்கு மாற்றும்போது உடையும். அன்றைக்கு “எங்க பக்கம் சரி” என்ற பாட்டு ஆரம்பிக்கும்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய பாடமா? எழுத்துரு விஷயத்தில் நாம் பட்ட பாடு கொஞ்சமா? ஒருவர் பாமினியில் அடிப்பார், ஒருவர் வானவில்லில் அடிப்பார், மின்னஞ்சலில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அதிலிருந்து வந்தன. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. தரம் வந்துவிட்டது. ஆனால் ஒரு கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாசலில் நின்று “இது தரப்படி இருக்கிறதா?” என்று கேட்க யாரும் இல்லை. அதனால் அதற்குப் பிறகும் எனக்குப் பாமினியில் சுற்றறிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. கேட்பார் இல்லாத விதி வெறும் ஆசைதான்.

சரி, பரிசோதகர் வைத்தால் எல்லாப் பிழையும் ஒழிந்துவிடுமா? ஒழியாது. அதை எழுதியவர்களே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்: பிழை காட்டினால், ஏதோ ஒரு பக்கம் தவறு என்பது ஏறக்குறைய உறுதி; பிழை காட்டாவிட்டால், எல்லாம் முழுக்கச் சரி என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்களைக் கும்பிடலாம். நம் ஊரில் சான்றிதழ் தருபவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஓர் உதாரணம். “அம்மா” என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழாசிரியர் 3 என்பார். யூனிகோடு கணக்கில் 5 குறி. யூ.டி.எஃப்.-8 முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக மொத்தம் 15 பைட். பதிலின் நீளத்தைப் பைட்டில்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாக இருப்பதால் பழக்கதோஷத்தில் எழுத்தை எண்ணி 5 என்று போட்டால், வாங்குபவர் 5 பைட்டோடு நிறுத்திக்கொள்வார். அம்மா பாதியில் அறுந்துபோவாள். உடல் பைட்டாக இருக்கிறதா என்று வேலிடேட்டர் பார்க்கும். நீளம் உண்மையா என்று எண்ணிப் பார்க்காது. அதனால் தமிழ்ப் பெயர், நீளமான பெயர், இனிஷியல் முன்னால் வரும் பெயர் என்று போட்டு மனிதர்களும் சோதிக்கத்தான் வேண்டும்.

இதற்கு என் மாணவர்களே பதில் சொல்வார்கள் என்று தெரியும். “சார், டெட்லைன் இருக்கு. இதெல்லாம் போட்டா வேகம் குறையும்.” நான் விசாரித்துவிட்டேனப்பா. இதைப் பொதுமக்கள் பயன்படுத்தும் நேரத்தில் ஓட்டச் சொல்லவில்லை. எழுதும்போதும் சோதிக்கும்போதும் போட்டால் போதும். அப்ளிகேஷனைச் சுற்றி ஒரு வரி, காசு கிடையாது. ஒரு வரி எழுத நேரமில்லை என்றால், பிழையைத் தேடி மூன்று ஆபீஸ் ஏறி இறங்க அந்தக் கூலிக்காரருக்கு மட்டும் நேரம் இருக்கிறதா? அவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

அரசு தரப்பிலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்தன, 2023-ல் மூன்றாம் பதிப்பும் வந்தது. எஸ்.டி.க்யூ.சி. என்ற மத்திய அமைப்பு சோதித்துச் சான்றும் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சான்றிதழைச் சுவரில் மாட்டியதோடு சோதனை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகப் பிறக்கிறது. ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளே: உங்கள் பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டுக் கையைக் கழுவாதீர்கள். பைத்தானோ வேறு மொழியோ, இரண்டு பேர் வேலை சேரும் இடத்தில் ஒரு பரிசோதகரை நிறுத்துங்கள். அது கத்தினால் வாயை அடைக்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்.

அலுவலகங்களில் மென்பொருளை வாங்கும் இடத்தில் இருக்கும் பிள்ளைகளே: கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “இது மற்றதோடு சேரும் இடத்தை எப்படிச் சோதித்தீர்கள்? காட்டுங்கள்.” பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது எனக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும். பச்சை டிக்கை நம்பி எழுந்துவிடக் கூடாது. ரசீதைப் படிக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளிடம் “விடையைச் சரிபார்த்துவிட்டுக் கொடு” என்று சொன்னவன், ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தைச் சரிபார்க்காமல் விட்டேன். கடைசித் தேதிக்கு அப்போது பதினோரு நாள் பாக்கி இருந்தது. திருத்தியிருக்கலாம்.

இந்த வருடம் அவளுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறோம். இந்த முறை ரசீதை அவளே சத்தமாகப் படித்தாள், நான் அசலோடு ஒத்துப் பார்த்தேன். பெயர் முழுசாக இருக்கிறது. கணக்கு எண்ணும் இருக்கிறது. பணம் வந்ததும் முதல் வேலை அடகுக் கடைக்குப் போவது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் சொல்கிறேன்.

மழை வலுக்கிறது. ஆற்றுப் பக்கம் இருப்பவர்கள் பத்திரம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
செல்லிப்பட்டு.