சிவப்புக் கோடு தீர்ப்பல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் பாடம் எடுக்கும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் பைதான் செயற்றிட்டத்தோடு வந்தாள். திரையில் ஒரு சிவப்புக் கோடு. நான் நிரலை வாசிக்கவே இல்லை. "பிழை இருக்கு மகள், திருத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். இரவிரவாக இருந்து, சரியாக எழுதிய பகுதியை அழித்துவிட்டு வந்தாள். பிழை எடிட்டருடையது. அதை அப்படியே நம்பிய என்னுடையதும்தான்.

விசயம் இதுதான். 2019இல் வந்த பைதான் 3.8இலிருந்து புரொட்டோகோல் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வயரிங் செய்ய ஆள் தேடினால் வேலை தெரியுமா என்றுதான் கேட்போம், யாருடைய மகன் என்றா கேட்போம்? புரொட்டோகோலும் அப்படித்தான். 'சேமி' என்ற செயல் கேட்ட வடிவில் இருந்தால் போதும், எந்தக் கிளாஸின் வாரிசு என்பது தேவையில்லை. இவள் ஒரு மொடியூலையே, அதாவது 'சேமி' எழுதப்பட்ட கோப்பையே கொடுத்திருந்தாள். அதையும் ஏற்கலாம் என்று புரொட்டோகோலை வரையறுத்த பெப் 544 ஆவணமே சொல்கிறது. எடிட்டருக்குத்தான் அது தெரியவில்லை.

"ஓடுதே சேர், அப்ப சரிதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதுவும் சான்றல்ல. ஓடும்போது பைதான் வகைக்குறிப்புகளைச் சரிபார்ப்பதில்லை. விதியை வாசிக்க வேண்டும், மைபை போன்ற இன்னொரு கருவியிடமும் கேட்க வேண்டும். கேட்டோம். அது ஒரு குறையும் சொல்லவில்லை.

"டைப் இக்னோர் போட்டுக் கோட்டை மறைச்சிடு" என்று சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நாளை அதே வரியில் உண்மையான பிழை வந்தால் யார் சொல்வது? எல்லாச் சிவப்புக் கோடும் பொய் என்று நான் சொல்லவில்லை. சொல் வேண்டிய இடத்தில் எண்ணைக் கொடுத்தால் அதைப் பிடித்துத் தருவதும் இதே கோடுதான். அது சாட்சி சொல்லட்டும். தீர்ப்பு நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சக ஆசிரியர்களே, புள்ளி வெட்ட முன்னர் நிரலை வாசியுங்கள். "ஏன் இப்படி எழுதினீங்க?" என்று பிள்ளையிடம் ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதற்காக முழு வகுப்புக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழித்த பகுதியை அவளே திரும்ப எழுதினாள். கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. புள்ளியை நான் வெட்டவில்லை.