ஓவிய ஆசிரியரின் மனசையும் கொஞ்சம் கேளுங்கள்

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத்திருவிழா தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறிப் போன பிள்ளை ‘கலையரசி’ பட்டத்தோடு திரும்பினால் எந்தத் தலைமையாசிரியைக்குக் கசக்கும்? ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான் பள்ளி. மற்ற நேரத்தில் அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று விழாக் குழுவில் யாரும் விசாரித்ததில்லை.

நான் பணியாற்றிய நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் வகுப்பில் ரப்பருக்கு இடமில்லை. கோடு தவறினால் அதையே வேறொன்றாக மாற்ற வேண்டும். கோணிய சுவர் மலையாகும். நீண்டுபோன வால் கொடியாகும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கு தப்பினால் நோட்டைக் கிழிப்பான். யாராவது சிரித்தால் கை நீட்டிவிடுவான். அரையாண்டுத் தேர்வுக்குள் அவன், “தப்பாப் போச்சு சார், இத என்னவா மாத்தலாம்?” என்று கேட்கத் தொடங்கியிருந்தான். அவனைப் பற்றி என் அறைக்கு வரும் புகார்களும் குறைந்தன.

இதற்குப் பயிற்சிக் கையேடுகளில் ‘சமூக, மனவெழுச்சிக் கற்றல்’ என்று பெயர். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய காசெல் அமைப்பு இதை ஐந்து திறன்களாக வகுத்திருக்கிறது: தன்னை அறிவது, தன்னைக் கட்டுப்படுத்துவது, பிறரை உணர்வது, உறவு பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது. கரும்பலகையில் எழுதிப்போட்டு இவற்றை மனப்பாடம் செய்யவைக்க முடியாது. பறையில் தன் அடி வரும்வரை காத்திருக்கும்போதும், கூட்டாகப் பாடுகையில் பக்கத்துக் குரலுக்குக் காது கொடுக்கும்போதும் பிள்ளைகள் இவற்றைப் பழகுகிறார்கள்.

வண்ணம் தீட்டும் பிள்ளை தலை நிமிராமல் பேசும். எதிரே நிறுத்தி “என்னம்மா பிரச்சினை?” என்று நான் கேட்டபோது வாயே திறக்காத பெண், க்ரேயானைத் தேய்த்தபடியே அப்பா குடித்துவிட்டு வந்து செய்ததையெல்லாம் ஓவிய ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டவர், மதிய மணி அடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு யார் வீட்டுச் சுவருக்கோ பெயின்ட் அடிக்கப் போனார். ஃப்ளெக்ஸ் வந்தபின் போர்டு எழுதும் வேலையும் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. அந்தப் பெண்ணை அவர் மறுபடி பார்க்க இரண்டு நாளாகும். அன்றைக்கு ஓவியப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கியிருப்பார். அல்லது அதிகாரி வருகிறார் என்று இவரை வாசலில் ரங்கோலி போட உட்கார்த்தியிருப்போம். “ராத்திரி தூக்கமே வரல மேடம், அந்தப் புள்ள மொகமே ஞாபகம் வருது” என்றார். பிள்ளைகளின் பாரத்தைக் கேட்கச் சொல்கிறோம். கேட்டவர் அதை எங்கே இறக்கிவைப்பது?

இந்த அரை நாள் ஏற்பாட்டின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பேருக்கு மேல் படித்தால் கலை, உடற்கல்வி, பணிக்கல்விக்குப் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. தமிழ்நாட்டில் 2012இல் 16,000க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள். 2024இல் அது 12,500 ஆனது. நான் பணியில் இருந்தவரை மே மாதத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் தன் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வட்டிக்கு வாங்கிய ஆசிரியரிடம், வகுப்பில் பிள்ளைகளின் மனநிலையைக் கவனியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

“வேலை நேரத்துக்கு ஏற்ற சம்பளம்தானே?” என்பார்கள். படம் வரையக் கற்றுக்கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் அந்தக் கணக்கு சரி. பிள்ளையின் மனசையும் கவனிக்கச் சொன்னால், நாள்தோறும் பள்ளியில் இருக்கும் ஆள் வேண்டும்.

பணி நிரந்தரம் நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை நான்கு. மே மாதத்துக்கும் முழுச் சம்பளம் தரட்டும். மூன்று அரை நாளை ஒரே பள்ளியில் ஐந்து முழு நாளாக்கட்டும். கலைப் பீரியடை வேறு பாடத்துக்கோ விழா அலங்காரத்துக்கோ எடுக்கக் கூடாது என்று உத்தரவு வரட்டும். மாதம் ஒருமுறை கலை ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடித் தாங்கள் கேட்டதை மனம் விட்டுப் பேசட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் ஒருவர் உடனிருக்கட்டும். பதிவேடு, புகைப்படம் எதுவும் வேண்டாம்.

முதல் இரண்டுக்குப் பணம் வேண்டும். அடுத்த இரண்டுக்குச் சுற்றறிக்கை போதும். அதையாவது இந்தக் கல்வியாண்டிலேயே அனுப்பலாம்.